மூன்றாவது படியில் ஒரு சிவப்புக் குறி

எங்கள் நிலத் தாங்குதிறன் வாரியத்தில் பூஜ்யத்துக்கு இருக்கும் மரியாதை வேறு எந்த எண்ணுக்கும் கிடையாது. ஒரு கட்டடம் தன் பாரத்தால் மண்ணுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று மாதாமாதம் அளந்து சொல்வதுதான் வாரியத்தின் வேலை. எந்தக் கட்டடமும் கொஞ்சமாவது இறங்கத்தான் செய்யும். ஆனால் இறங்கியது என்று எழுதினால் ஏன் இறங்கியது என்றும் எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால் யாரால் என்று எழுத வேண்டும். பூஜ்யம் என்று எழுதிவிட்டால் கையெழுத்து மட்டும் போதும், சாப்பாட்டு நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

ஊழியர் குடியிருப்புக்கு அந்தப் பூஜ்யங்களை எழுதியவன் நான். மூன்று வருடம், ஒரு மாதம்கூட விடாமல் எழுதினேன். என்னை மட்டக்காரர் என்று கூப்பிடுவார்கள். முக்காலியில் லெவல் கருவியை நிறுத்தி, அதன் கண்ணாடி வழியே தூரத்தில் ஒருவர் பிடித்திருக்கும் அளவுகோலைப் பார்த்து எண் சொல்வது என் தொழில். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். எதை வைத்து அளக்கிறோமோ அது அசையாத பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றைத்தான் நான் செய்யவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன்.

குடியிருப்பு என்பது தலைமை அலுவலகத்தை ஒட்டியே கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். பதினைந்து வீடுகள். இரண்டுமே நின்ற நிலம் ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம். குப்பையும் இடிபாடும் கொட்டி அதை மூடி, மேலே நாலடிக்குச் செம்மண் பரப்பி, ரோலர் ஓட்டி வைத்திருந்தார்கள். குடியிருப்புக்கு அஸ்திவாரம் போடுவதற்கு முன் மண் எவ்வளவு தாங்கும் என்று சோதனை நடந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி இரும்புத் தகட்டைத் தரையில் வைத்து, அதன் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தகடு இரண்டு மில்லிமீட்டர்தான் இறங்கியது. வாரியத் தலைவர் கைதட்டினார், பிறகு நாங்கள் எல்லோரும் தட்டினோம்.

தட்டாமல் நின்றவர் ஒருவர்தான். ஆய்வுக்கூடத்தில் மண் மாதிரிகளைச் சோதிக்கும் அம்மா. மண்ணம்மா என்போம்.

"சார், தகடு சின்னது. அதோட பாரம் மேல இருக்கிற கெட்டி மண்ணோட தீர்ந்துடும். கட்டடம் அகலம், அதோட பாரம் அடியில இருக்கிற குப்பை வரைக்கும் போகும்" என்றார் அவர். "கயிறு தளர்ந்த கட்டில்ல மெத்தையை விரலால அமுக்கிப் பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும். ஆள் படுத்தாத்தானே கயிறு தெரியும்."

அடுத்த வாரமே அவரை நூலகத்துக்கு மாற்றினார்கள். வாரியத்துக்கு நூலகம் கிடையாது. அதனால் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறைக்கு நூலகம் என்று பலகை மாட்டி, நாலு காலி அலமாரிகளையும் அவரையும் உள்ளே வைத்தார்கள்.

கட்டி முடித்ததும் அளவெடுக்கப் பித்தளைக் குமிழ்கள் பதிக்க வேண்டும். மூலைக்கு ஒன்றாக நாலு பக்கமும் பதிப்பதுதான் முறை. தலைவர் கையால் பதித்ததால், எல்லாம் ஒரே புகைப்படத்தில் வரட்டும் என்று ஆறு குமிழையும் முகப்பிலேயே வரிசையாகப் பதித்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. கட்டடத்தின் பின்பக்கம் அன்றோடு வாரியத்தின் பார்வையிலிருந்து போய்விட்டது.

அளப்பதற்கான ஆதாரக் குறி சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் இருந்தது. அசையாத பாறை. முதல் மாதம் நான் ஒழுங்காக அங்கிருந்துதான் அளந்தேன். கட்டடத்தின் நாலு மூலைத் தரை மட்டம், அலுவலகப் படிகள் எல்லாவற்றையும் பாறையிலிருந்து எடுத்து என் நோட்டில் எழுதி வைத்தேன். முந்நூறு மீட்டர் தூரம், நாலு இடத்தில் கருவியை மாற்றி நிறுத்த வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு பஸ் வந்து நிற்கும். அதன் டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போவார்.

இரண்டாம் மாதம் வெயில். கண்ணாடியில் அளவுகோல் நெளிந்தது, மண்டை கொதித்தது. அலுவலகப் போர்ட்டிகோவுக்குக் கீழே நிழல் இருந்தது. மூன்றாவது படியின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி போட்டேன், அங்கிருந்து அளந்தேன். இந்த ஒரு மாதம் மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எண் பூஜ்யம் என்று வந்தது. மேலதிகாரியான பொறியாளர் என் தோளில் தட்டினார். அதற்குப் பிறகு நான் பாறைப் பக்கம் போகவே இல்லை.

அந்த அறிக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாத அறிக்கையோடும் முந்தைய அறிக்கைகள் அனைத்தையும் இணைக்க வேண்டும் என்பது விதி. ஐந்து பிரதி எடுக்க வேண்டும். முதல் அறிக்கையை உறையில் போட்டு அனுப்பினேன். பத்தாவதைக் கயிறு போட்டுக் கட்டினோம். இருபதாவது தள்ளுவண்டியில் போயிற்று. ஊரில் உள்ள மற்ற கட்டடங்களின் அறிக்கைகளும் இதே விதிப்படி வந்தன. எல்லாம் தலைமை அலுவலகத்தின் மேல்மாடியில் கூரை வரைக்கும் அடுக்கப்பட்டன. கட்டடங்கள் இறங்கவில்லை என்ற செய்தியைச் சுமந்துகொண்டு எங்கள் அலுவலகம் இறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பாதி பொய். தெரிந்துகொள்ளாமல் பார்த்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

என் அக்காவின் கணவர், அத்தான், தலைவருக்குக் கார் ஓட்டுகிறவர். அவருக்குக் குடியிருப்பில் தரைத்தளத்தில் பின்பக்க வீடு ஒதுக்கினார்கள். அக்காவுக்கு அங்கே போகத் தயக்கம், பள்ளத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நீ சொல்லு தம்பி. நீ சரின்னா போறேன், இல்லைன்னா வாடகை வீட்டுலயே இருந்துக்கறேன்."

"நான் மாசாமாசம் அளக்கிற கட்டடம் அக்கா. ஒரு முடி அளவு நகரலை."

வாய் கூசாமல் சொன்னேன். அவள் அடுத்த வாரமே தையல் மெஷினோடு குடிபோனாள்.

அக்கா வீட்டில் தைத்துக் கொடுப்பவள். ஒரு வருடத்துக்குள் அவள் கையிலிருந்து விழும் நூல்கண்டெல்லாம் பின்சுவர்ப் பக்கமே உருண்டது. பிறகு பின்னறைக் கதவு இறுகியது, அத்தான் அடியைச் சீவினார். மறுபடி இறுகியது, மறுபடி சீவினார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு கிளம்பியது. அக்கா துணியில் கோடு போடும் சாக்பீஸால் அந்த வெடிப்பு முடியும் இடத்தில் ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதினாள். அடுத்த மாதம் வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு கிழித்தாள். என் வாரியத்தில் முந்நூறு பேர் செய்யாத வேலையை அவள் ஒரு துண்டு சாக்பீஸை வைத்துச் செய்துகொண்டிருந்தாள்.

"இந்த மாசம் எவ்வளவு தம்பி?" என்று கேட்பாள்.

"பூஜ்யம் அக்கா."

"அப்ப சரி. சுவர்ப்பூச்சுதான் மட்டமா இருக்கும்."

அதோடு விடமாட்டாள். மாடி வீட்டுக்காரர்கள் அவரவர் வெடிப்பைக் காட்டிப் பயந்தால், "என் தம்பிதான் அளக்கறான், கவலைப்படாதீங்க" என்று தைரியம் சொல்லி அனுப்புவாள். போதாததற்கு வாரியம் ஒவ்வொரு வீட்டுக்கும் அசையாமைச் சான்றிதழ் என்று கண்ணாடி போட்டு மாட்டிக் கொடுத்தது. கீழே என் கையெழுத்து. பல வீடுகளில் அதை வெடிப்பை மறைக்கத் தோதான இடத்தில் மாட்டியிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகம் ஏறும்போது சும்மா படிகளை எண்ணினேன். நாலு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஐந்து. கீழ்ப்படி நடைபாதையோடு நடைபாதையாகக் கிடந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளியிடம், "இங்க அஞ்சு படிதானே இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே நாலுதான் சார். ஏற சுலபமா இருக்குன்னு பெரியவங்க எல்லாம் சந்தோஷப்படறாங்க."

அங்கேயே, அந்தச் சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தானைக் கூப்பிட்டுக்கொண்டு பாறைக்குப் போனேன். அவர் அளவுகோலைப் பிடிக்க, நாலு இடத்தில் கருவியை மாற்றி, பழைய நோட்டோடு ஒப்பிட்டு அளந்தேன். அலுவலகப் படி நூற்று நாற்பது மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. குடியிருப்பின் முகப்பும் அதே நூற்று நாற்பது. இரண்டும் சேர்ந்தே இறங்கியதால்தான் எனக்கு மாதாமாதம் பூஜ்யம் கிடைத்தது. பின்பக்கம், அக்கா வீட்டு மூலை, இருநூற்று முப்பத்தொன்று. எழுபத்தைந்தைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்ற வேண்டும் என்பது வாரியத்தின் விதி.

"என்ன மச்சான், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்று கேட்டார் அத்தான்.

"ஒண்ணுமில்லை அத்தான். கருவி சரியா இருக்கான்னு பார்த்தேன்."

அவர் நம்பினார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் என்னை நம்பும் வியாதி இருந்தது. அன்றைக்கே அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் வாரியத்திடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காரணம் வேறொன்றுமில்லை, வாரியம் என் முகத்தைப் பார்க்காது.

பொறியாளர் என் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"இதுல ரெண்டு கட்டம்தான் இருக்கு. நீங்க மூணு இலக்கம் கொண்டு வந்திருக்கீங்க."

"சார், குறி இருக்கிற படியே இறங்கியிருக்கு. தப்பு என்னோடதுதான். வெயிலுக்குப் பயந்து நான்தான் அங்க வச்சேன். என் மேல என்ன நடவடிக்கை வேணும்னாலும் எடுங்க. முதல்ல அந்தப் பதினைஞ்சு வீட்டையும் காலி பண்ணச் சொல்லுங்க."

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க குறி தப்புன்னா மூணு வருஷ அறிக்கையும் தப்பு. அறிக்கை தப்புன்னா அதுல தலைவர் போட்ட கையெழுத்து தப்பு. தலைவர் கையெழுத்து தப்பா இருக்க முடியாது. அதனால உங்க குறி சரி. நீங்கதான் உங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க."

"அப்ப பாறையிலேர்ந்து அளந்தா ஏன் சார் இவ்வளவு வித்தியாசம் வருது?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "பாறை ஏறியிருக்கும்" என்றார்.

நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கோப்பில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் நூற்று நாற்பது மில்லிமீட்டர் உயர்ந்ததற்குப் பதினைந்து நாளில் விளக்கம் கேட்டுப் பாறைக்கு ஒரு நோட்டீஸ் தயாரானது. அதைப் பாறை மேல் ஒட்டி, ஒட்டியதற்குச் சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து நாள் ஆயிற்று. பாறை பதில் தரவில்லை. மேலும் ஏழு நாள் அவகாசம் கொடுத்தார்கள். அந்த இருபத்திரண்டு நாளில் அக்கா வீட்டுச் சுவரில் இரண்டு சாக்பீஸ் கோடுகள் கூடின. நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

கடைசியில் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறை மேசை அப்போதே லேசாகச் சாய்ந்திருந்தது. பேனாவை வைத்தால் உருளும். உருளும் பேனாவைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பதற்கென்று மேசையின் மறுகோடியில் ஒருவரை நியமித்திருந்தார்கள். நிரந்தர வேலை. தலைவர் பேசும்போது பேனாவை வைப்பதும் எடுப்பதுமாக இருப்பார், மறுகோடியில் இருப்பவர் பிடிப்பதும் கொடுப்பதுமாக இருப்பார்.

"கட்டடம் இறங்கிடுச்சுன்னு சொல்றீங்க" என்றார் தலைவர். "ஆபீசும் அதே அளவு இறங்கியிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்ப யாரை விட்டு யார் பிரிஞ்சு போனாங்க? ஒரு குடியிருப்பு தன்னோட தலைமை அலுவலகத்தை விட்டு ஒரு மில்லிமீட்டர் முந்தாம, ஒரு மில்லிமீட்டர் பிந்தாம, கூடவே இறங்குதுன்னா அதுக்குப் பேர் இறக்கம் இல்லை. விசுவாசம். இருபத்தெட்டு வருஷமா நானும் அப்படித்தான் வேலை பார்த்திருக்கேன். எனக்கு மேல இருந்தவர் எவ்வளவு இறங்கினாரோ, அவ்வளவு நானும் இறங்கினேன். ஒரு நாளும் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்னு ஒண்ணு வந்ததில்லை. அதனாலதான் இந்த நாற்காலியில இருக்கேன்."

பேனா உருண்டது. மறுகோடியில் இருந்தவர் பிடித்துக் கொடுத்தார்.

"பின்பக்கம் சார். அங்க இருநூத்தி முப்பத்தொண்ணு. கட்டடம் சாயுது."

"பின்பக்கத்துல குமிழ் இருக்கா?"

"இல்லை சார்."

"குமிழே இல்லாத இடத்துல இறக்கம் எப்படி இருக்கும்?"

"அங்க என் அக்கா இருக்காங்க சார்."

தலைவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். "உங்க குடும்பத்தையே குடி வச்சிருக்கீங்க. இதைவிட என்ன சான்று வேணும்" என்றார். பக்கத்தில் நின்ற பொறியாளர் அதை எழுதிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் மூன்று முடிவுகள் எடுத்தார்கள். பாறையின் மட்டம் நம்பத்தகாதது. மூன்றாம் படியிலிருக்கும் சிவப்புக் குறிக்குக் கண்ணாடிக் கூண்டு போட்டு, மூன்று வருடம் பூஜ்யம் காட்டிய எனக்குப் பதக்கம் தருவது. மேல்மாடியில் இடமில்லாததால், குடியிருப்பில் காலியாகும் அறைகளுக்கு அறிக்கைகளை மாற்றுவது. முதலில் காலியாக இருந்தது அக்கா வீட்டுக்கு நேர் மேலே, பின்பக்க மூலையில், முதல் மாடி வீடு.

பதக்கத்தை வாங்கிக்கொண்டேன். கொடுத்தார்கள், கை நீண்டது, நான் தடுக்கவில்லை. இதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

மறுநாள் தள்ளுவண்டிகள் கிளம்பின. நடைபாதையில் நின்று பார்த்தேன். பல கட்டுகளின் மேல் என் கையெழுத்து. என் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். மண்ணம்மா. கையில் டிபன் டப்பா.

"எத்தனை டன் வரும்?" என்று கேட்டார்.

"முப்பது, முப்பத்தஞ்சு."

"கட்டில் கயிறு ஞாபகம் இருக்கா?" என்றார். பிறகு, "நான் ஒரு தடவை சொன்னேன், நூலகத்துல போட்டாங்க. ரெண்டாந்தடவை சொல்லியிருக்கணும். சொல்லலை. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மெஷினில் இருந்தாள். மேலே அறைக்குள் கட்டுகளை இறக்கும் சத்தம் திம், திம் என்று கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் சுவரிலிருந்து கொஞ்சம் தூள் உதிர்ந்தது. முதல் தடவையாக அந்தச் சுவரை நேராகப் பார்த்தேன். பதினோரு கோடுகள்.

"அக்கா, நான் மூணு வருஷமா தப்பா அளந்துட்டேன்."

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "எதை வச்சு அளந்த?"

"ஆபீஸ் படிக்கட்டை வச்சு. அதுவும் இறங்கியிருக்கு."

இப்போது நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய டேப்பின் நுனியை விரலால் பிடித்தாள். அவளுக்கு விளக்கத் தேவையில்லை. தோள்பட்டையில் பிடித்த நுனியும் ஆளோடு சேர்ந்து நகர்ந்தால் அளவு என்ன ஆகும் என்று தையல்காரிக்குத் தெரியும்.

"அன்னிக்கு அவரைக் கூட்டிட்டு ஒரு பாறைக்குப் போனியே. அங்கேர்ந்து ஏன் அளக்கலை?"

"தூரம். வெயில்."

"வெயிலுக்காகவா?"

அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாதி தைத்த ரவிக்கையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வா. நான் எல்லார்கிட்டயும் உன் பேரைச் சொல்லித்தான் இருக்கச் சொன்னேன். நீயே வந்து சொல்லு."

பதினைந்து வீடுகளில் ஒன்று காலி, ஒன்று அக்காவுடையது. மிச்சம் பதின்மூன்று கதவுகள். ஒவ்வொன்றையும் அவள் தட்டினாள், நான் சொன்னேன். முதல் வீட்டில் கருவி, குறி, நிழல் என்று நீட்டினேன். அவள் என் கையை அழுத்தினாள். இரண்டாம் வீட்டில் குறைத்துக்கொண்டேன். ஆறாவது வீட்டில், "நான் தப்பா அளந்துட்டேன், கட்டடம் சாயுது, கிளம்புங்க" என்பது மட்டும் மிஞ்சியது. மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"இப்ப சொல்றதும் நீதானே?"

"ஆமாம்."

"ரெண்டுல எதை நான் நம்பறது?"

அவர் சான்றிதழ் மாட்டியிருந்த இடத்தில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. அதை அவரும் அப்போதுதான் முழுசாகப் பார்த்தார். சான்றிதழை அங்கேயே தரையில் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

நாலு நாளில் எல்லோரும் கிளம்பினார்கள். வாரியம் சும்மா இருக்கவில்லை. உரிய அனுமதியின்றி வெளியேறி அஸ்திவாரத்தின் மீதான திட்டமிட்ட பாரத்தைக் குறைத்ததற்கு விளக்கம் கேட்டுப் பதினான்கு குடும்பங்களுக்கும் நோட்டீஸ் வந்தது. குறைந்த பாரத்தை ஈடுகட்ட, காலியான வீடுகளிலும் அறிக்கைகளை நிரப்பச் சொல்லி உத்தரவு போட்டார்கள். தள்ளுவண்டிகள் ஓய்வில்லாமல் ஓடின.

எட்டாவது நாள் காலை பதினொரு மணிக்கு, சுமை தூக்குகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது, குடியிருப்பின் பின்பாதி உட்கார்ந்தது. இடிந்தது என்று எழுதக் கூடாது, உட்கார்ந்தது என்றுதான் எழுத வேண்டும் என்று பிறகு சுற்றறிக்கை வந்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. தூசி அடங்கியதும் பார்த்தால் மைதானம் முழுக்கக் காகிதம். ஒன்றை எடுத்தேன். பூஜ்யம். இன்னொன்றை எடுத்தேன், அதுவும் பூஜ்யம். அக்காவின் பின்னறை இருந்த இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குப் பூஜ்யங்கள் குவிந்திருந்தன.

முகப்பு அப்படியே நின்றது. ஆறு பித்தளைக் குமிழும் பளபளவென்று வரிசையாக இருந்தன.

மத்தியானமே பொறியாளர் என்னைக் கூப்பிட்டு மாத அளவை எடுக்கச் சொன்னார். கண்ணாடிக் கூண்டைத் திறந்து, சிவப்புக் குறியிலிருந்து, விதிப்படி எடுக்க வேண்டும். எடுத்தேன். கருவி பொய் சொல்லவில்லை, அது பார்த்ததைச் சொன்னது. பூஜ்யம்.

அந்தப் படிவத்தின் கடைசியில் குறிப்புக்கென்று ஒரு கோடு இடம் உண்டு. மூன்று வருடமாக அதை வெறுமையாக விட்டிருந்தேன். அன்றைக்கு அதில், இந்த அளவு தவறு, குறியை வைத்தவன் நான், கட்டடத்தில் பாதி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறியாளர் அதைப் படிக்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தார். முந்தைய முப்பத்தாறு அறிக்கைகளையும் இணைத்து, ஐந்து பிரதி எடுத்து, அலுவலகத்தின் மேல்மாடிக்கு அனுப்பினார்கள். இப்போது படிகள் மூன்றரை. அலுவலகம் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் சமமாக இறங்குவதால், தலைவர் மேசை சாய்வதைத் தவிர, அதற்கு ஆபத்து எதுவும் இல்லை என்று மண்ணம்மா சொல்கிறார்.

நான் வேலையை விடவில்லை. இப்போது மாதாமாதம் இரண்டு முறை அளக்கிறேன். வாரியத்துக்குப் படியிலிருந்து, எனக்குப் பாறையிலிருந்து. அந்த நோட்டீஸ் இன்னும் பாறையில் ஒட்டியிருக்கிறது, வெயிலில் எழுத்து வெளுத்துவிட்டது.

அக்காவும் அத்தானும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். முன்னறையில் மெஷின் ஓடுகிறது. என்னிடம் வழக்கம்போலப் பேசுகிறாள், சாப்பிடக் கூப்பிடுகிறாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியதில்லை. ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு அறைக் கதவையும் ஒரு முறை திறந்து மூடிப் பார்க்கிறாள். பிறகு மேசையிலிருந்து ஒரு நூல்கண்டைத் தரையில் வைத்து, அது உருளாமல் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வீடு கெட்டியாத்தான் இருக்கு அக்கா, நான் அளந்துட்டேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"சரி தம்பி" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனாள்.